ரவுண்டானாவில் ஓர் அலைத் திருடன்

பகல் ஒன்று பத்துக்கு, யாருமே இருக்கக்கூடாத இடத்தில் யாரோ இருந்தார்கள்.

வேனுக்குள் இருந்த திரையில் அது ஒரு மெல்லிய பச்சைக் கோடு. மொட்டைத் தலையில் ஒற்றை முடி முளைத்த மாதிரி நட்டமாக நின்றது. முதலில் பார்த்தவர் ‘மூக்கு’. வானொலி அலைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாக டெக்னீஷியன். அனுமதியில்லாத வயர்லெஸ் எந்தச் சந்தில் முணுமுணுத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டினார். கோடு அங்கேயேதான் இருந்தது.

“மேடம், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது,” என்றார்.

மேடம் திரையைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். வாயிலிருந்த கவளத்தை மெல்லாமலே விழுங்கினாள்.

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர். காரணம், வானத்தையே வெட்டியவள் அவள். நாற்பது வருடமாகச் செயற்கைக்கோள்காரர்கள் ஒரு பெரிய அலைக்கற்றையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அனுபவித்து வந்தார்கள். இப்போது ஆளாளுக்குக் கையில் போன், ஒவ்வொரு போனும் வேகம் கேட்கிறது. அரசாங்கம் யோசித்து, கற்றையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதி வயர்லெஸ் பிராட்பேண்டுக்கு, மேல்பாதி செயற்கைக்கோளுக்கு என்று முடிவு செய்தது. முடிவு செய்வது சுலபம். கீழ்ப்பாதியில் உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு பேரைக் கெஞ்சி, மிரட்டி, சட்டப் பிரிவு காட்டி, மேல்பாதிக்கு நகர்த்தியது அவள். மூன்று வருட வேலை.

இன்று கடைசி நாள். கீழ்ப்பாதி உண்மையிலேயே காலிதானா என்று ஊர் முழுக்க வேனில் சுற்றி அளந்து, ‘காலி’ என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அது தலைமை அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் ஆனால், அடுத்த வாசல் ஆறு மாதம் கழித்துத்தான் திறக்கும்.

ஆறு மாதத்தை நாடு தாங்கும். அவளால் தாங்க முடியாது.

ஏனென்றால் அவள் கணவன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையுச்சியில் இருந்தான். அங்கே செயற்கைக்கோள் நிலையத்தின் பொறுப்பாளர். வானத்தைப் பார்த்து மல்லாத்திப் பிடித்த குடைகள் மாதிரி ராட்சசத் தட்டுகள் பத்துப் பன்னிரண்டைப் பராமரிக்கிறவன். அதனால் அவனுக்கு ‘குடை’ என்று பெயர். கல்யாணமாகி ஐந்து வருடம். அதில் ஒரே கூரையின் கீழ் இருந்தது முதல் வருடம் மட்டும். அவள் பிராட்பேண்ட் பிரிவு, அவன் செயற்கைக்கோள் பிரிவு. கூட்டங்களில் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து ஒரே அலைக்கற்றைக்காக மல்லுக்கட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் அவன் மலைக்கு பஸ் ஏறிவிடுவான்.

போன வாரம் அவளுடைய இயக்குநர் ஒரு காகிதத்தைக் காட்டினார். மலை நிலையத்துக்கு அவளை மாற்றும் உத்தரவு. டைப் அடித்து, சீல் வைத்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சான்றிதழில் உன் கையெழுத்து விழுந்த அதே நிமிடம் இதில் என் கையெழுத்து விழும், அதுவரை மூச்சு விடாதே என்றார்.

அவள் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. ஆர்டர் கையில் வந்த பிறகு, பெட்டியோடு போய் அவன் வாசலில் நிற்க வேண்டும் என்பது திட்டம். தவிர, சொல்லவும் வழியில்லை. இரண்டு பிரிவும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒருவர் அளப்பது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. முன்பு எப்போதோ ஒருவர் அளந்ததை மற்றவர் வரிக்கு வரி காப்பியடித்ததால் வந்த விதி. புருஷன் பெண்டாட்டி என்பதால் இவர்களிடம் தனியாக உறுதிமொழியே எழுதி வாங்கியிருந்தார்கள். இரண்டு மாதமாக இருவரும் போனில் கத்தரிக்காய் விலையும் முழங்கால் வலியும் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

மூக்கு குமிழைத் திருகினார். திரையில் அம்புக்குறி துடித்து, வடக்கே நின்றது. அப்புறம் மெல்ல வடகிழக்குக்கு நகர்ந்தது.

“நகருது மேடம். வண்டியில வச்சுக்கிட்டு ஓட்டுறான்.”

முன்சீட்டிலிருந்து டிரைவர் அண்ணன் திரும்பினார். அரசாங்க வேனைப் பத்தொன்பது வருடமாக முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவர். லாக் புத்தகத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் இதுவரை ‘அலுவலகப் பணி’ தவிர அவர் வேறெதுவும் எழுதியதில்லை.

“மேடம், துரத்தலாமா?”

“துரத்துங்க அண்ணே.”

அவர் சீட் பெல்ட்டைப் போட்ட விதத்தில் ஒரு பக்தி இருந்தது.

வேன் சீறிக்கொண்டு கிளம்பியது என்று எழுத ஆசைதான். அது இருமிக்கொண்டு கிளம்பியது. மரச்சாமான் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் ஒரு கட்டிலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தது. கட்டிலைத் தூக்கியவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரி ரோட்டில் ஹாரன் அடிக்கக்கூடாது என்று பலகை இருந்ததால், டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி வாயாலேயே “பீம் பீம்” என்று வழி கேட்டுக்கொண்டு போனார்.

மூக்கு ஊகங்களை அடுக்கிக்கொண்டே வந்தார். கடத்தல்காரனாக இருக்கலாம், பரீட்சையில் பிட் ஓதுகிற கும்பலாக இருக்கலாம், எதிரி நாட்டு வேலையாகக்கூட இருக்கலாம் என்றார். எதிரி நாட்டுக்காரன் பழைய பேப்பர் கடைச் சந்தில் இத்தனை நேரம் என்ன பண்ணுவான் என்று கத்தரிக்கோல் கேட்டதற்கு, அதுதான் மேடம் தந்திரம் என்றார்.

இரண்டரை மணிக்கு ஒரு விசித்திரம் புரிந்தது. இவர்கள் வேகமாகப் போனால் அலையும் வேகமாகப் போனது. இவர்கள் இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் சுற்றி வந்தது. சிக்னலில் மாட்டி ஒரு நிமிடம் நின்றபோது, கோடு மடமடவென்று உயர்ந்தது.

“கிட்ட வர்றான்,” என்றார் மூக்கு. “மேடம், நாம அவனைத் துரத்தலை. அவன்தான் நம்மளைத் துரத்துறான்.”

டிரைவர் அண்ணன் சிக்னல் மாறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்கு நகரத்தின் தென்கோடி, மூன்றேகாலுக்குப் பால் பண்ணைக்குப் பின்புறம், மூன்றரைக்கு மறுபடி வடகோடி. கத்தரிக்கோல் கணவனுக்கு ஒரு முறை போன் போட்டாள். விதியை மீறவில்லை; வெறுமனே குரல் கேட்டால் தேவலை என்று இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மலையில் பனிமூட்டமாக இருக்கும், ஜன்னலோரம் நின்று ரசித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு வருடமாக அவன் அந்தப் பனிமூட்டத்தைத்தான் வர்ணித்துக்கொண்டிருந்தான்.

மூன்று ஐம்பதுக்கு வேன் பெரிய ரவுண்டானாவில் நுழைந்தது. கோடு திரையின் உச்சியை முட்டியது. அம்பு நேர் எதிரே காட்டியது. அதாவது ரவுண்டானாவின் மறுபக்கம். நடுவில் ஒரு புல் திட்டு, அதில் ஆளுயரத்துக்குச் செடிகள். எதிர்ப்பக்கம் யார் போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு சுற்று. அம்பு எதிரே காட்டியது. இரண்டாவது சுற்று. எதிரே. வேகத்தைக் கூட்டினார்கள். அவனும் கூட்டினான். நான்காவது சுற்றில் மூக்குக்குத் தலை சுற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது சுற்றில் ஒரு விசில், காதைக் கிழித்துக்கொண்டு.

போக்குவரத்துக் காவலர் அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றாள். வேன் அவள் பூட்ஸுக்கு ஓர் அடி முன்னால் நின்றது. சில நொடிகளில் பின்னாலிருந்து இன்னொரு வேன் வந்து, இவர்கள் பம்பருக்கு ஓர் அடி பின்னால் நின்றது. அதே சாம்பல் நிறம். அதே ‘அரசுப் பணி’ பலகை. கூரையில் அதே ஆன்டெனா. கூடுதலாக, மடக்கி வைத்த ஒரு தட்டு.

பின் வேனிலிருந்து குடை இறங்கினான்.

நான்கு வருடத்தில் அவன் இவ்வளவு இளைத்திருந்தான் என்று அவளுக்கு இப்போதுதான், பட்டப்பகலில், தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் சுற்றிலும் உத்தியோகஸ்தர்கள். அவன் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம், அவள் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம்.

“மேடம்,” என்றான் அவன், தொண்டையைச் செருமிக்கொண்டு. “காலி செய்யப்பட்ட அலைக்கற்றையில உங்க வண்டியிலேர்ந்து அனுமதியில்லாம அலை வருது. எங்க பிரிவுக்காக இந்த ஊரை அளக்க வந்த நான், ஒரு மணியிலேர்ந்து துரத்திக்கிட்டு இருக்கேன்.”

“சார்,” என்றாள் அவள். “நீங்க சொன்னதையே எழுதி வச்சிருக்கேன். வண்டி நம்பருக்குத்தான் இடம் விட்டிருந்தேன்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பார்த்தார்கள். மூக்கு வேனுக்குள் பார்த்தார். அப்புறம் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

சோதனைப் பெட்டி. அளக்கிற கருவிக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, வண்டிக்குள்ளேயே சின்னதாக ஒரு பெட்டி அதே அலையை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். காதோரம் சொடக்குப் போட்டுப் பார்ப்பது மாதிரி. தன் வண்டிப் பெட்டியின் அலையைத் திரை காட்டாது. அதை மறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். பக்கத்து வண்டியின் பெட்டியை மறைக்கச் சொல்ல வேண்டுமானால், பக்கத்து வண்டி வருவது தெரிந்திருக்க வேண்டும். தெரியக்கூடாது என்பதுதான் விதி. ஆக, மொத்தத்தில், அரசாங்கம் அரசாங்கத்தைத் துரத்தி, மூன்று மணி நேரம் டீசல் எரித்திருந்தது.

காவலர் அக்கா லைசன்ஸ் கேட்டாள். நீங்கள் இருவரும் யார் என்று கேட்டாள். கணவன் மனைவி என்றார்கள். அவள் பெருமூச்சு விட்டு, புத்தகத்தைத் திறந்தாள்.

“வீட்டுச் சண்டையை ரோட்டுக்குக் கொண்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். ஆளுக்கொரு வண்டியில வர்றது இதுதான் முதல் தடவை,” என்றாள்.

மணி நான்கு ஐந்து. பெட்டிகள் இரண்டையும் அணைத்தார்கள். இரண்டு திரையிலும் கோடு மறைந்தது; வெளி வெறிச்சென்று கிடந்தது. துரத்திய துரத்தலில் ஊர் முழுக்க இரண்டு முறை அளந்தாகிவிட்டது, எங்கேயும் ஒரு பொட்டு அலைகூடக் கிடையாது என்று மூக்கு கூட்டிக் கழித்துச் சொன்னார். கத்தரிக்கோலுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி கையெழுத்துதான் பாக்கி.

அப்போதுதான் குடை அவளை ஓரமாக அழைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஒண்ணு சொல்லணும்மா. இன்னைக்கு நான் சான்றிதழ்ல கையெழுத்து போட்டா, எங்க இயக்குநர் என் மாற்றல் ஆர்டர்ல கையெழுத்து போடுவார். இந்த ஊருக்கே வந்துடுறேன்.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“எனக்கும் ஆர்டர் ரெடியா இருக்குங்க,” என்றாள். “மலைக்கு.”

ரவுண்டானாவில் பஸ்களும் ஆட்டோக்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கையெழுத்துப் போட்டால் அவள் மலைக்கு. அவன் கையெழுத்துப் போட்டால் அவன் இங்கே. நடுவழியில் எங்கேயாவது ஒரு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது வேண்டுமானால் சந்தித்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஏறுவதற்கோ இரண்டு பிரிவின் சான்றிதழும் வேண்டும்.

அத்தைக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். அத்தை என்றால் அவன் அம்மா. நகரத்தில் மருமகளோடுதான் இருந்தாள். அவனும் அம்மாவிடம் சொல்லியிருந்தான், அவளும் அத்தையிடம் சொல்லியிருந்தாள். உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

“தெரியும்,” என்றாள் அத்தை, நிதானமாக. “இவன் போன் பண்ணி, அம்மா அவகிட்டச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான். மறுநாள் நீ வந்து, அத்தை அவர்கிட்டச் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினே. ரெண்டு சத்தியத்தையும் காப்பாத்திட்டேன். இப்ப நான்தான் குத்தவாளியா?”

குற்றவாளி என்ற சொல் கத்தரிக்கோலின் மண்டைக்குள் சொடக்குப் போட்டது.

விதிப் புத்தகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அனுமதியில்லாமல் அலை விட்ட கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும். கருவிக்குப் பொறுப்பான அதிகாரிமேல் விசாரணை. விசாரணைக்கு உள்ளானவர் சான்றிதழில் கையெழுத்துப் போடக்கூடாது, அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் போடலாம். முக்கியமாக, விசாரணை முடியும்வரை அவரை அந்த ஊரைவிட்டு மாற்றக்கூடாது.

“நம்மள்ல ஒருத்தர் மாட்டணும்,” என்றாள். “ஒரே ஒருத்தர். ரெண்டு பேரும் மாட்டினா, நான் இங்க, நீங்க அங்க, பழைய கதை. ரெண்டு பேரும் மாட்டலைன்னா குறுக்கும் நெடுக்கும் போவோம்.”

“அப்ப நான் மாட்டிக்கிறேன். நீ மலைக்கு வந்துடு,” என்றான் அவன். “உனக்கு அந்த ஊர்தானே ஆசை.”

சும்மா மாட்டிக்கொள்ள முடியாது, அளவு பேச வேண்டும் என்றார் மூக்கு. பெட்டியை ஆன் செய்து, பத்து மீட்டர் தள்ளி நின்று அளந்தால், ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அது குற்றமே ஆகாது. எந்தப் பெட்டி தாண்டுகிறதோ அதுதான் திருடன். நடைபாதையில் டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்தார்கள். ஒரு முனையைக் காவலர் அக்கா பிடித்துக்கொண்டாள். அபராதப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அவளே ஆர்வமாகிவிட்டாள்.

குடையின் பெட்டி வரம்புக்குள் இருந்தது. ஒழுக்கமான பெட்டி.

கத்தரிக்கோலின் பெட்டி வரம்பைப் போல மூன்று மடங்கு கூவியது.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. காலையில், எதற்கும் இருக்கட்டும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிச்சயமாக இருக்கட்டும் என்று அவளே அந்தக் குமிழை மூன்று பல் ஏற்றி வைத்திருந்தாள். மூன்று வருட வேலையின் கடைசி நாளில், அதிக அக்கறைப்பட்டதுதான் குற்றம்.

மணி நான்கு இருபத்தைந்து. குடை அவளையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தணிந்த குரலில், குமிழை இறக்கி வைத்துவிடு, நான் என் பெட்டியை ஏற்றி வைக்கிறேன், மறுபடி அளந்துகொள்ளலாம் என்றான். நான்கு வருடமாக நீ அந்தப் பனிமூட்டத்தைக் கனவு கண்டுகொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும் என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குச்சி மாதிரி இருந்த கையைப் பார்த்தாள். சாக்ஸுக்கு மேலே, கணுக்காலில், வரிசையாகச் சிவப்புத் தழும்புகள்.

“அது என்ன?”

“அட்டைக் கடி.”

“பனிமூட்டம் அழகா இருக்கும்னீங்க.”

“இருக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா.” அப்புறம் அணை உடைந்தது. துணி காய்ந்து நான்கு மாதமாகிறது, பேச ஆள் கிடையாது, காவல் நாய்கூட ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டது, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து தலையணையை நனைத்துவிட்டுப் போகிறது, டின் மீனைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது என்று கொட்டித் தீர்த்தான். “உனக்கு ஏன் கவலைன்னுதான் அழகா இருக்குன்னு சொல்லி வச்சேன். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாயிடுச்சு.”

“அந்த ஊருக்கா என்னைப் பெட்டியோட வரச் சொல்றீங்க?”

“நீ வந்தா அட்டைகூட அழகாத்தான் இருக்கும்,” என்றான்.

காவலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டிராபிக்கைப் பார்த்தாள்.

அடுத்த கணம் அவன் தன் வேனை நோக்கிப் பாய்ந்தான். தன் குமிழை ஏற்றிவிட வேண்டும் என்பது திட்டம். கத்தரிக்கோல் அவனுக்கு முன்னால் பாய்ந்து, வேன் கதவில் சாய்ந்து நின்றாள்.

“கையை எடுங்க சார். அளந்து முடிச்ச பொருள், சாட்சி. தொட்டா நீங்களும் மாட்டிப்பீங்க, அப்புறம் ரெண்டு பேரும் பழையபடி கத்தரிக்காய் விலை பேசிட்டே கிழவன் கிழவி ஆகணும்.”

“மேடம், தயவு செஞ்சு...”

“மேடம்லாம் இல்லை. நான் குற்றவாளி. பறிமுதல் மகஜர் எழுதுங்க. ‘உரிமையாளர் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை’ன்னு ஒரு வரி வரும், அதை மட்டும் கொட்டை எழுத்துல எழுதுங்க.”

அவன் எழுதினான். அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் எழுதினான். சாட்சி ஒன்று, காவலர் அக்கா. சாட்சி இரண்டு, டிரைவர் அண்ணன். துரத்தலில் கலந்துகொண்டவர் சாட்சியாகலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு துரத்தல், அதிலாவது என் பெயர் எங்கேயாவது இருக்கட்டும் என்று அவர் கெஞ்சியதால், இருக்கட்டும் என்றார்கள். கத்தரிக்கோல் தன் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, சீர்வரிசைத் தட்டைக் கொடுப்பது மாதிரிக் கணவனிடம் ஒப்படைத்தாள்.

மணி நான்கு நாற்பது. இப்போது அவள் தரப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர், அடுத்த நிலையில் இருப்பவர்.

எல்லோரும் மூக்கைத் தேடினார்கள். அவர் வேனுக்குள், சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவது மாதிரி ஒளிந்திருந்தார்.

இருபத்தைந்து வருடத்தில் வருகைப் பதிவேடு தவிர வேறெதிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான் என்பது அவருடைய ஒரே சித்தாந்தம். சற்றுமுன் கண்ணெதிரே அதற்கு ருசுவும் கிடைத்திருந்தது. நாளைக்கு எவனாவது ஒரு பழைய ரேடியோவை முடுக்கினால் என் தலைதானே உருளும் என்றார். பேனாவைக் கையில் திணித்தார்கள். மை வரவில்லை என்றார். வேறு பேனா கொடுத்தார்கள்; கை வரவில்லை என்றார்.

கத்தரிக்கோல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிரட்டவில்லை.

“அண்ணே, இந்த ஊர்ல ஒரு அலை இருந்தா உங்க மூக்குக்குத் தெரியாம இருக்குமா?”

“தெரியாம எப்படி மேடம் இருக்கும்?”

“இப்ப ஏதாவது தெரியுதா?”

அவர் திரையைப் பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அவருடைய இருபத்தைந்து வருடமும் அந்தப் பார்வையில் இருந்தது.

“சுத்தம் மேடம். துடைச்சு வச்ச மாதிரி,” என்றார். சொன்ன வேகத்திலேயே, யோசிக்க இடம் கொடுக்காமல், போட்டுவிட்டார். கையெழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் அவருடையது.

நான்கு ஐம்பது. இரண்டு சான்றிதழும் ரெடி. அலுவலகத்துக்கு ஓடினால் இருபது நிமிடம். அதனால் போனில் அனுப்ப வேண்டியதுதான். அனுப்பினாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நாட்டுக்கே மின்னல் வேக இணையம் கொடுக்கப்போகிற சான்றிதழ், நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆபீஸ் விட்டுப் போகிற நேரம். ரவுண்டானாவைச் சுற்றி நின்ற ஐந்நூறு பேரும் ஐந்நூறு போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு ஐம்பத்து மூன்று. ஆறு சதவீதம்.

“இதுக்குத்தானே கேட்டீங்க கீழ்ப்பாதியை,” என்றான் குடை. மூன்று வருடக் கூட்டங்களில் ஜெயிக்காததை அந்த ஒரே வரியில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவன் முகம்.

“குத்திக் காட்டுற நேரமா இது? உங்க மேல்பாதி என்ன பண்ணுது?”

அவன் அண்ணாந்து தன் வேன் கூரையைப் பார்த்தான். மடக்கி வைத்த தட்டு. செயற்கைக்கோளோடு நேரே பேசும் தட்டு. ஐந்நூறு போனும் அதைத் தொட முடியாது. ஆனால் அதற்கு வானம் தெரிய வேண்டும்; நின்ற இடத்தில் ஒரு பக்கம் வணிக வளாகம், மறுபக்கம் ஒரு நடிகர் பல் விளக்கும் மாபெரும் விளம்பரப் பலகை.

வானம் தெரிகிற ஒரே இடம், ரவுண்டானாவின் நடுவிலிருந்த புல் திட்டு. ‘புல்லை மிதிக்காதீர்கள்’ என்று அங்கே எழுதியிருந்தது.

எல்லோரும் காவலர் அக்காவைப் பார்த்தார்கள்.

அவள் அபராதப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். விசிலை வாயில் வைத்து ஓர் ஊது ஊதினாள் பாருங்கள், ஐந்து சாலையும் அப்படியே உறைந்தது. ஒரு பஸ், படியில் தொங்கியவர்கள் சகிதம், பாதித் திருப்பத்தில் நின்றது. குடையின் வேன் நடைபாதைக் கல்லில் ஏறி, குலுங்கி, புல்லின் நடுவில் போய் நின்றது. தட்டு மெல்ல விரிந்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்து, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் எதையோ கண்டுகொண்டது.

நான்கு ஐம்பத்தேழு. அனுப்பினான். இந்தப் பக்கம் மூக்கின் கோணல் கையெழுத்து, அந்தப் பக்கம் குடையின் நேர்க் கையெழுத்து, இரண்டும் ஒரே தாவலில் ஆகாயத்துக்குப் போய்த் தலைமை அலுவலகத்தில் இறங்கின. நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது: பதிவேட்டில் ஏற்றப்பட்டது.

டிரைவர் அண்ணன்தான் முதலில் கத்தினார். பஸ் படியில் தொங்கியவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டு போன்களும் ஒன்றாக அடித்தன. குடையின் போனில், மாற்றல் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை நகரத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அவன் “சரி சார்” என்று பதினோரு முறை சொன்னான்.

கத்தரிக்கோலின் போனில் அவளுடைய இயக்குநர். குரலில் அவ்வளவு வருத்தம். கடைசி நாளில் இப்படி ஆகிவிட்டதே, விதிப்படி விசாரணை வைத்தே ஆக வேண்டியிருக்கிறது, உன் மலை ஆர்டரை என் கையாலேயே கிழிக்க வேண்டியதாகிவிட்டது, மனசைத் தளர விடாதே, இந்த விசாரணையைச் சீக்கிரம் முடித்து உன்னை மலைக்கு அனுப்புவது என் பொறுப்பு, ஒரே மாதத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்றார்.

அவள் பதறிப்போனாள். கணவனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சார், எனக்காக அவசரப்படுத்தாதீங்க,” என்றாள். “இது நாட்டோட அலைக்கற்றை விவகாரம். ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியா விசாரிங்க. ஆற அமர நடத்துங்க சார்.”